திருமணச் சட்டத்திற்காக எழுந்து நிற்க வேண்டியவர் யார்? அம்பேத்கரின் வாழ்விலிருந்து ஒரு விசாரணை

பம்பாயின் பைகுல்லா சந்தையில் பகல் வியாபாரம் முடிந்து கடைக்காரர்கள் கலைந்த பிறகு, திறந்த கொட்டகையொன்றில் அந்தத் திருமணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஒரு மூலையிலும் பெண் வீட்டார் இன்னொரு மூலையிலும் அமர்ந்திருந்தனர். மாப்பிள்ளை பீமராவ் பதின்ம வயதுச் சிறுவர், மணப்பெண் ரமாபாய் அவரினும் இளைய சிறுமி. மண்டபம் எடுக்க வழியற்ற மகர் குடும்பங்களுக்கு இரவுச் சந்தையே மண்டபமாயிற்று. அந்தச் சிறுவர்தான் பின்னாளில் இந்தியாவின் முதல் சட்ட அமைச்சராகித் திருமணச் சட்டத்தையே திருத்தி எழுத முனைந்தார். அந்தச் சட்டத்தின் பொருட்டே பதவியையும் துறந்தார். அம்பேத்கரின் வாழ்வைத் திருமணச் சட்டத்தின் வழியாகப் படித்துப் பார்க்க வேண்டிய தேவை இன்று நமக்கு இருக்கிறது. எதிர்ப்புக்குள்ளான ஒரு திருமணச் சட்டத்தை நீதிமன்றத்தில் அரசு ஆதரித்து வாதாட வேண்டுமா, கைவிட வேண்டுமா என்ற கேள்வி தலித் மக்களின் உயிரோடு தொடர்புடையது என்பதே அதற்குக் காரணம்.

1916 மே மாதம் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், தம் இருபத்தைந்தாம் வயதில், சாதியின் தோற்றம் பற்றி ஓர் ஆய்வுரையை அவர் வாசித்தார். தொழிற்பிரிவினையோ நிறமோ சாதிக்கு அடிப்படை அல்ல, அகமணமே அடிப்படை என்று அதில் நிறுவினார். உடன்கட்டையும் கட்டாய விதவைக் கோலமும் சிறுமியர் திருமணமும் தனித்தனிக் கொடுமைகள் அல்ல, அகமண வேலியைக் காக்கும் கருவிகள் என்று விளக்கினார். ரமாபாய் அப்போது பம்பாயில் வறுமையோடு போராடிக்கொண்டிருந்தார். சிறுமியாய் மணமுடிக்கப்பட்டவரின் கணவர், சிறுமியர் திருமணத்தின் சமூகக் காரணத்தைக் கடல் கடந்து ஆராய்ந்துகொண்டிருந்தார் என்பதை நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்கலாம்.

அன்றைய சட்டம் அந்த வேலிக்குக் காவல் நின்றது. 1872ஆம் ஆண்டின் மூன்றாவது சட்டம் பதிவுத் திருமணத்திற்கு வழி திறந்தது உண்மையே. ஆனால் மணமக்கள் தாங்கள் இந்து உள்ளிட்ட எந்தப் பெருமதத்தையும் பின்பற்றவில்லை என்று உறுதிமொழி அளித்தாக வேண்டும். 1923இல் ஹரிசிங் கௌர் கொண்டுவந்த திருத்தத்தின் பிறகே இந்து, பௌத்த, சீக்கிய, சமண மதத்தவர் தம் மதத்தை மறுக்காமல் தமக்குள் அச்சட்டப்படி மணந்துகொள்ள முடிந்தது. அதற்கும் விலை இருந்தது: அவ்வாறு மணந்தவர் கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்தவராகக் கருதப்பட்டார். சாத்திரச் சடங்கோடு சாதி மீறி மணந்தவர் நிலை இன்னும் மோசம். பிராமணப் பெண் சூத்திர ஆணை மணந்தது செல்லாது என்று 1912இல் பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வைசிய ஆண் சூத்திரப் பெண்ணை மணந்தது செல்லும் என்று 1922இல் அதே நீதிமன்றம் கூறியது. மனு வகுத்த அனுலோமமும் பிரதிலோமமும் ஆங்கிலேய ஆட்சியின் நீதிமன்றத்தில் சட்டமாகவே வாழ்ந்தன. 1927இல் மகாடில் மனுஸ்மிருதியை எரித்தவர்கள் ஏதோ ஒரு பழைய ஏட்டை எரித்ததாக இன்றும் சிலர் கேலி பேசுகின்றனர். அந்த ஏடு அன்று தீர்ப்புகளுக்குள் இருந்தது.

1935இல் ரமாபாய் மறைந்தார். அடுத்த ஆண்டு லாகூர் மாநாட்டிற்காக எழுதி, நிகழ்த்த விடாமல் தடுக்கப்பட்டு, தம் செலவிலேயே அச்சிட்ட உரையில் சாதியைக் கரைக்கும் மருந்தாகக் கலப்பு மணத்தை அம்பேத்கர் முன்வைத்தார். அந்த வரலாறு நம் வாசகர்கள் அறிந்ததே.

1948 ஏப்ரல் 9 அன்று, சட்ட அமைச்சராக, இந்து சட்டத் தொகுப்பு மசோதாவைத் தெரிவுக் குழுவுக்கு அனுப்பும் தீர்மானத்தை அவர் முன்மொழிந்தார். அதற்கு ஆறு நாள் கழித்து, ஏப்ரல் 15 அன்று, டெல்லியில் தம் இல்லத்தில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். மணமகள் சாரதா கபீர், சாரஸ்வத பிராமணக் குடும்பத்தில் பிறந்த மருத்துவர், பின்னர் சவிதா என அழைக்கப்பட்டவர். சாதியே தடையாகாத திருமணத்தை இந்துச் சட்டத்திற்குள் கொண்டுவர முயன்ற அமைச்சர், தம் திருமணத்திற்கு 1872ஆம் ஆண்டின் காலனியச் சட்டத்தையே நாட வேண்டியிருந்தது. சவிதாவை நம் இயக்கத்தவர் பலர் நெடுங்காலம் சந்தேகக் கண்ணோடே பார்த்தனர் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். சாதி மறுப்பு மணத்தைப் போற்றுவோர் மணந்து வந்தவரைப் போற்றத் தவறுவது நம் வீட்டிலும் நடந்திருக்கிறது.

அந்த மசோதா ஒருதார மணத்தைக் கட்டாயமாக்கியது, மணவிலக்கை அனுமதித்தது, சாதி வேறுபாட்டைத் திருமணத் தடைகளின் பட்டியலிலிருந்து நீக்கியது, பெண்ணுக்குச் சொத்துரிமை தந்தது. நாடாளுமன்றத்தில் அது நான்கு ஆண்டு இழுபட்டது. கர்பாத்ரி போன்ற துறவியரின் தலைமையில் எதிர்ப்புகள் எழுந்தன. குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத் வெளிப்படையாகவே மனவேறுபாடு கொண்டிருந்தார்.

இதே காலத்தில் பம்பாயில் ஒரு வழக்கு நடந்தது. பம்பாய் மாகாணம் 1946இல் இந்துக்களின் இருதார மணத்தைக் குற்றமாக்கியிருந்தது. அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபின், இச்சட்டம் மதச் சுதந்திரத்தை மீறுகிறது, இந்துக்களை மட்டும் கட்டுப்படுத்துவதால் சமத்துவத்தையும் மீறுகிறது என்று வாதிட்டனர். ஓர் அமர்வு நீதிபதி அந்த வாதத்தை ஏற்றுக் குற்றம் சாட்டப்பட்டவரை விடுவித்தார். பம்பாய் அரசு அத்தோடு ஒதுங்கியிருக்கலாம். ஆனால் மேல்முறையீடு செய்தது. நரசு அப்பா மாலி வழக்கு என்று சட்ட மாணவர் படிப்பது இதைத்தான். 1951 ஜூலையில் நீதிபதிகள் சாக்லாவும் கஜேந்திரகட்கரும் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தனர். (தனிச் சட்டங்கள் அடிப்படை உரிமைகளின் உரைகல்லுக்கு உட்பட்டவை அல்ல என்று அதே தீர்ப்பு கூறியது பின்னாளில் பெண்களுக்குப் பெருந்தடையாயிற்று. அது தனியே எழுத வேண்டிய கதை.)

ஒரு மாநில அரசு தன் திருமணச் சட்டத்தை நீதிமன்றத்தில் காத்து வென்ற இரண்டே மாதத்தில், ஒன்றிய அரசு தன் திருமணச் சட்டத்தை நாடாளுமன்றத்தில் கைவிட்டது. முழு மசோதா வேண்டாம், திருமணம், மணவிலக்குப் பகுதி மட்டும் நிறைவேறட்டும் என்று 1951 செப்டம்பரில் முடிவாகியிருந்தது. நான்கு பிரிவுகளைத் தாண்டாமல் அதுவும் நிறுத்தப்பட்டது. செப்டம்பர் 27 அன்று அம்பேத்கர் பதவி விலகல் கடிதம் அளித்தார். அக்டோபர் 10 அன்று அவையில் விளக்கம் சொல்ல எழுந்தபோது, உரையின் படியை முன்னதாகவே தர வேண்டும் என்று அவைத் தலைமை கோரியது. அவர் வெளிநடப்புச் செய்து அந்த உரையைப் பத்திரிகைகளிடம் அளித்தார். விலகலுக்கு அவர் சொன்ன காரணங்கள் பல. பட்டியல் சாதியினர் புறக்கணிக்கப்பட்டதும் அவற்றுள் ஒன்று. ஆயினும் திருமணச் சட்டத்தை அரசு உளப்பூர்வமாகத் தாங்கி நிற்கவில்லை என்பதே கடைசி அடி.

நம் கேள்விக்கு இங்கிருந்து ஒரு விடை கிடைக்கிறது. சட்டத்தை எழுதுவதோடு அரசின் கடமை முடிவதில்லை. ஒடுக்கப்பட்டோரைக் காக்கும் சட்டம் தாக்கப்படும்போது அரசு முழு வலுவோடு நிற்க வேண்டும். அது நிற்காவிட்டால் என்ன ஆகும் என்பதை 2018இல் நாம் கண்டோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் அந்த மார்ச்சில் நீர்த்துப்போகச் செய்தபோது, ஒன்றிய அரசுத் தரப்பு உறுதியோடு வாதாடவில்லை என்ற குற்றச்சாட்டு எழுந்தது. ஏப்ரல் 2 முழு அடைப்பில் பலர் உயிரிழந்தனர். அதன் பிறகே சட்டத்திருத்தம் வந்தது. 2019இல் நீதிமன்றமும் தன் உத்தரவுகளைத் திரும்பப் பெற்றது.

அப்படியானால் எல்லாச் சட்டங்களையும் அரசு ஆதரித்தே ஆக வேண்டுமா? இங்கேதான் சிறப்புத் திருமணச் சட்டம் நம்மைச் சோதிக்கிறது. 1872ஆம் ஆண்டுச் சட்டத்தில் அறிவிப்புக்குப் பின் காத்திருக்கும் காலம் பதினான்கு நாள். விடுதலை பெற்ற இந்தியா 1954இல் அதை முப்பது நாளாக்கியது. பதிவேட்டை எவரும் பார்க்கலாம், அறிவிப்புப் பலகையில் பெயரும் முகவரியும் தொங்கும், யாரும் ஆட்சேபிக்கலாம். சாதி மறுத்து மணக்கும் இணையருக்கு இந்த முப்பது நாள் எத்தகையது என்பதை ஆணவப் படுகொலைகளைக் கண்ட தமிழ்நாட்டிற்கு விளக்க வேண்டியதில்லை. பெண்ணின் வீட்டாருக்கு அரசே துப்புக் கொடுப்பது போன்றது அது. அறிவிப்பை வெளியிடுவதா வேண்டாமா என்பது இணையரின் விருப்பம் என்று 2021 ஜனவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டெல்லி உயர் நீதிமன்றத்தில் இதே நடைமுறைக்கு எதிராக வழக்கு வந்தபோது ஒன்றிய அரசு அதை ஆதரித்தே பதில் தாக்கல் செய்தது.

இரண்டுக்கும் ஒரே அளவுகோலை வைக்க முடியாது என்பதே நம் நிலைப்பாடு. அரசு தனக்குப் பிடிக்காத சட்டத்தையெல்லாம் கைவிடலாம் என்று ஒப்புக்கொண்டால், நாளை கைவிடப்படுவது நம் சட்டமாக இருக்கும். இந்த அச்சம் பொய்யல்ல. ஆனால் அரசு மௌனமாக ஒதுங்குவது வேறு, ஒரு விதி அடிப்படை உரிமையை மீறுகிறது என்று நீதிமன்றத்தில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டு திருத்த மசோதாவையும் அவையில் வைப்பது வேறு. முதலாவது தட்டிக்கழித்தல், இரண்டாவது பொறுப்பேற்றல். மறுதரப்பை வாதிட நீதிமன்றம் தன் உதவிக்கு வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ளலாம். 2018இல் 377ஆம் பிரிவு வழக்கில் ஒன்றிய அரசு முடிவை நீதிமன்றத்திடமே விட்டது. எல்லாவற்றையும் ஆதரித்தே தீர வேண்டும் என்பது கல்லில் பொறித்த விதி அல்ல.

அம்பேத்கர் 1952 தேர்தலில் தோற்று மாநிலங்களவைக்குச் சென்றார். அவர் கைவிட நேர்ந்த மசோதா துண்டு துண்டாக நிறைவேறியது. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் சாதியைத் தடையாகக் கொள்ளவில்லை. 1956 டிசம்பர் 6 அன்று அவர் மறைந்தபோது சிறப்புத் திருமணச் சட்டமும் நடைமுறையில் இருந்தது, அந்த முப்பது நாளோடு. இந்த விதிக்கு எதிரான வழக்கு மீண்டும் விசாரணைக்கு வரும் நாளில் ஒன்றிய அரசின் வழக்கறிஞர் எழுந்து, ஐந்து முதல் பத்து வரையிலான பிரிவுகளை இந்த வடிவில் அரசு ஆதரிக்கவில்லை, திருத்தம் கொண்டுவருகிறது என்று கூற வேண்டும். இதையே நாம் கோருகிறோம்.