தோற்ற இடத்தில் தொடங்கியவர்

சென்ற ஏப்ரல் விடுமுறையில் வாப்பா எங்களை ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு அழைத்துச் சென்றார். கிரகரி வாவியின் கரையோர நீர் பச்சைப் பசேலென்று கிடந்தது. உரம் மழையோடு கரைந்து வந்தால் அல்காக்கள் இப்படிப் பெருகும் என்றேன். அவற்றை எது உண்கிறது, எவ்வளவு உண்கிறது என்று வாப்பா கேட்டார். உயிரியல் படிக்கும் என்னிடம் விடை இல்லை. இரசாயனவியலில் 38 புள்ளிகள் பெற்று, கலைப்பிரிவுக்கு மாறுவோமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. விடையைத் தேடியபோதுதான் ஜோர்ஜ் டி ஹெவெசி எனக்கு அறிமுகமானார்.

ஹெவெசி 1885இல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் பிறந்தார். 1911இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ரதர்போர்டின் ஆய்வுகூடத்தில் சேர்ந்தார். ஈயத்துடன் கலந்திருந்த ரேடியம்-டி என்ற கதிர்த்தொழிற்பாட்டுப் பொருளைப் பிரித்தெடுக்கும் வேலை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. நீண்ட காலம் முயன்றும் தோல்வியே கிட்டியது. ஏனெனில் அதுவும் ஈயத்தின் ஒரு சமதானியே.

அவர் மனந்தளரவில்லை. பிரிக்க முடியாத பொருளை அடையாளமாகக் கலந்துவிட்டால், ஈயம் போகும் வழியைக் கதிர்வீச்சே காட்டிக்கொடுக்கும் எனச் சிந்தித்தார். தங்கியிருந்த விடுதியில் மிச்ச உணவையே மீண்டும் பரிமாறுகிறார்கள் என்ற சந்தேகத்தில், தன் தட்டில் மீதமானதில் சிறிதளவு கதிர்த்தொழிற்பாட்டுப் பொருளைச் சேர்த்து, பின்னர் வந்த உணவில் அதைக் கண்டுபிடித்தார் என்றும் ஒரு கதை உண்டு!

1913இல் வியன்னாவில் பனெத்துடன் இணைந்து இம்முறையைப் பயன்படுத்தினார். 1923இல் அவரைச் செடி ஈயத்தை உறிஞ்சுவதையும், 1935இல் எலியின் உடலில் பொசுபரசு செல்லும் பாதையையும் ஆராய்ந்தார். 1943ஆம் ஆண்டுக்கான இரசாயனவியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. 1966இல் ஜேர்மனியில் காலமானார்.

அவரது வழியைப் பின்னர் வந்தோர் நீர்நிலைகளுக்குக் கொண்டு சென்றனர். கதிர்த்தொழிற்பாட்டுக் காபன் சேர்த்த நீரில் அல்காக்களை வளர்த்தால், ஒளித்தொகுப்பின்போது அவை அக்காபனை ஏற்றுக்கொள்ளும். அவற்றை விலங்குப் பிளாந்தன்களுக்குச் சில நிமிடங்கள் மட்டும் உண்ணக் கொடுப்பர். உண்டது கழிவாக வெளியேறுமுன் அவ்வுயிர்களை வடித்தெடுத்து, உடலிலுள்ள கதிர்வீச்சை அளப்பர். எவ்வளவு உண்டன என்பது கணக்கில் வந்துவிடும். விடுதிச் சாப்பாட்டுக் கதையின் அதே உபாயம்தான்!

வாப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் மகிழ்ந்தார். அன்றிரவு, மடித்து ஒளித்து வைத்திருந்த அந்த இரசாயனவியல் வினாத்தாளை எடுத்தேன். பிழைத்த கணக்குகளை ஒவ்வொன்றாக மீண்டும் செய்யத் தொடங்கினேன். நான் கலைப்பிரிவுக்கு மாறவில்லை.