ஒரு பல் டாக்டரின் 30 வருடத் தேடல்: நம்ம டூத்பேஸ்ட்டுக்குள் ஃப்ளோரைடு வந்த கதை

சாந்தோமோ, மயிலாப்பூரோ, எந்தப் பல் கிளினிக்குக்குக் குழந்தையைக் கூட்டிக்கிட்டுப் போனாலும் ஃப்ளோரைடு டூத்பேஸ்ட் பயன்படுத்தச் சொல்வார்கள். ஆனால் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போய்க் கேட்டா, பிள்ளைகளின் பல்லில் காவி படிய வைத்ததே இந்த ஃப்ளோரைடுதான் என்பார்கள். இரண்டுமே உண்மை. இந்த இரண்டு உண்மைகளும் உலகத்துக்குத் தெரியவர முக்கியக் காரணம், ஃபிரடெரிக் மெக்கே என்ற அமெரிக்கப் பல் டாக்டர்.

யார் இந்த மெக்கே?

1874-ல் பிறந்த மெக்கே, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் முடித்தார். 1901-ல் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரத்தில் கிளினிக் போட்டார். அங்கே வந்த பலரின் பற்களில் சாக்லேட் நிறத்தில் கறை இருந்தது. எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. படித்த புத்தகங்களில் அதைப் பற்றி எதுவுமே இல்லை. ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்.

வேறு ஒருவராக இருந்தால் பல்லைப் பிடுங்கி, ஃபீஸ் வாங்கி அனுப்பியிருப்பார். மெக்கே எண்ண ஆரம்பித்தார். யாருக்குக் கறை இருக்கிறது, அவர் எங்கே பிறந்தார், எந்த வயதில் இந்த ஊருக்கு வந்தார் என்று நோயாளிகளைக் கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அன்றைய புகழ்பெற்ற பல் மருத்துவ ஆராய்ச்சியாளர் ஜி.வி. பிளாக் 1909-ல் கொலராடோவுக்கே வந்து அவருடன் சேர்ந்தார்.

கண்டுபிடித்தது என்ன?

இரண்டு விஷயங்கள் தெளிவாகின. ஒன்று, அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த குழந்தைகளில் கிட்டத்தட்ட 90 சதவீதம் பேருக்குக் கறை இருந்தது. பெரியவர்களாகி அங்கே குடிவந்தவர்களுக்கு வரவில்லை. அதாவது, ஈறுக்குள் பல் உருவாகும் வயதிலேயே பாதிப்பு நடந்துவிடுகிறது. இரண்டு, கறை படிந்த பற்களில் சொத்தை குறைவாக இருந்தது.

பிளாக் 1915-ல் இறந்துவிட்டார். மெக்கே விடவில்லை. குடிநீர் மேல் அவருக்குச் சந்தேகம். 1923-ல் ஐடஹோ மாநிலத்தின் ஓக்லி என்ற ஊருக்குப் போனார். புதிய ஊற்றிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்த பிறகுதான் பிள்ளைகளுக்குக் கறை வந்தது என்றார்கள் பெற்றோர். அந்தக் குழாயை விட்டுவிடச் சொன்னார் மெக்கே. ஊரும் கேட்டது. சில வருடங்களில், சின்னப் பிள்ளைகளுக்குப் புதிதாக முளைத்த பற்கள் கறையில்லாமல் வந்தன.

தண்ணீரில் என்ன இருக்கிறது என்பது மட்டும் தெரியவில்லை. ஆர்கன்சாவில் அலுமினிய நிறுவனமான அல்கோவாவின் பாக்சைட் ஊரிலும் இதே பிரச்சினை. பழி அலுமினியத்தின் மேல் விழுமோ என்ற கவலையில், நிறுவனத்தின் தலைமை வேதியியலாளர் எச்.வி. சர்ச்சில் தண்ணீரைச் சோதித்தார். 1931-ல் விடை கிடைத்தது: ஃப்ளோரைடு. மெக்கே கிளினிக் திறந்து அப்போது 30 வருடம் ஆகியிருந்தது.

தேடல் சோதனையானது எப்படி?

அடுத்து வந்தவர் அமெரிக்க அரசின் பல் மருத்துவர் டிரெண்ட்லி டீன். பல ஊர்களை ஒப்பிட்டு, லிட்டருக்கு சுமார் 1 மில்லிகிராம் அளவில் கறை பெரிதாக வராது, சொத்தையும் குறையும் என்று கண்டார். 1945 ஜனவரியில் கிராண்ட் ரேபிட்ஸ் நகரத்தின் குடிநீரில் ஃப்ளோரைடு சேர்த்தார்கள். பக்கத்திலிருந்த மஸ்கிகன் நகரம் ஒப்பீட்டுக்கு. 11 வருடத்தில், திட்டம் தொடங்கிய பிறகு பிறந்த குழந்தைகளிடம் சொத்தை 60 சதவீதத்துக்கு மேல் குறைந்ததாக அறிவித்தார்கள். 1950-களில் இண்டியானா பல்கலைக்கழகத்தில் ஃப்ளோரைடு டூத்பேஸ்ட்டும் சோதனைக்குப் போய், கடைகளுக்கு வந்தது. இதையெல்லாம் பார்த்துவிட்டு, 1959-ல் மெக்கே மறைந்தார்.

இன்றைய அளவுகோலில் கிராண்ட் ரேபிட்ஸ் குறையில்லாத சோதனை கிடையாது. மஸ்கிகன் மக்களும் ஃப்ளோரைடு கேட்டு 1951-ல் சேர்த்துக்கொண்டதால் ஒப்பீடு பாதியில் நின்றது. எல்லோரும் ஃப்ளோரைடு பேஸ்ட் பயன்படுத்தும் இந்தக் காலத்தில், தண்ணீரில் சேர்ப்பதால் கிடைக்கும் கூடுதல் பலன் குறைவு என்று பிந்தைய ஆய்வுகள் சொல்கின்றன.

நமக்கு என்ன?

நம்ம பக்கத்துக் கதை தலைகீழ். 1937-ல் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டின் எச்.இ. ஷார்ட், சி.ஜி. பண்டிட், டி.என்.எஸ். ராகவாச்சாரி ஆகியோர், அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூரில் ஃப்ளோரைடு பாதிப்பைப் பதிவு செய்தார்கள். அங்கே பல்லோடு எலும்பும் பாதிக்கப்பட்டிருந்தது. தர்மபுரி, கிருஷ்ணகிரியின் நிலத்தடி நீரிலும் இதே பிரச்சினை. அதற்காக வந்ததுதான் 2013-ல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். ஓக்லியில் மெக்கே சொன்ன அதே வைத்தியம்: தண்ணீரை மாற்று.

இந்தியத் தர அளவுப்படி, குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃப்ளோரைடு வரை ஏற்கலாம். வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 1.5 வரை. வீட்டில் போர் தண்ணீர் குடிக்கிறீர்களா? ஒருமுறை லேபில் சோதித்துவிடுங்கள். பேஸ்ட் விஷயத்தில், 3 வயதுக்குள் அரிசி அளவு, 3 முதல் 6 வயது வரை பட்டாணி அளவு. அவ்வளவுதான். மருந்தா, பாதிப்பா என்பதை முடிவு செய்வது அளவு.