37 வயதில் சமையல் மாணவி, பரீட்சையில் ஃபெயில்... அமெரிக்காவை ஃப்ரெஞ்சு உணவு சமைக்கவைத்த ஜூலியா சைல்டு!

ரெசிபியைப் பார்த்துச் சமைக்கிறீங்க. பக்குவம் வந்ததும் இறக்கச் சொல்லுது. ஆனா, பக்குவம்னா எப்படி இருக்கும்? அதைச் சொல்ல மாட்டாங்க. அந்தச் சமையலோடவே வளர்ந்தவங்களுக்கு அதையும் சொல்லித்தரணும்னு தோணாது. வெளியில் இருந்து வந்து, தப்புத்தப்பா செஞ்சு கத்துக்கிட்டவங்களுக்குத்தான் அந்த இடம் தெரியும். ஜூலியா சைல்டின் மொத்த வெற்றியும் அந்த இடத்தில்தான் இருக்கு.

கண்டியில் கிடைத்த காதல்

ஜூலியா 1912-ல் கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் பிறந்தவர். வசதியான குடும்பம். வீட்டில் சமைக்க ஆள் இருந்ததால், அடுப்படிப் பக்கம் போக வேண்டிய அவசியமே வரலை. 6 அடி 2 அங்குல உயரம். இரண்டாம் உலகப்போர் நேரத்தில் அமெரிக்க உளவு அமைப்பான ஓ.எஸ்.எஸ்-ஸில் வேலைக்குச் சேர்ந்தார். 1944-ல் இலங்கையின் கண்டிக்கு அனுப்பினாங்க. ரகசியக் கோப்புகளைப் பராமரிக்கும் பிரிவுக்கு அவர்தான் பொறுப்பு.

அங்கே அறிமுகமானவர்தான் பால் சைல்டு. ருசியான சாப்பாட்டுக்கு ரசிகர். 1946-ல் கல்யாணம். 1948-ல் பாலுக்கு பாரிஸில் அரசு வேலை கிடைச்சது. கப்பலில் வந்து இறங்கி பாரிஸுக்குப் போகும் வழியில், ரூவான் நகரத்து உணவகம் ஒன்றில் வெண்ணெயில் சமைத்த சோல் மீனைச் சாப்பிட்டார் ஜூலியா. அந்த ஒரு மதியச் சாப்பாடு அவர் வாழ்க்கையையே திருப்பிப்போட்டது.

ஃபெயிலானதும் நல்லதுக்கே

1949-ல் பாரிஸின் பிரபல சமையல் பள்ளியான லு கார்டன் ப்ளூவில் சேர்ந்தார். இல்லத்தரசிகளுக்கான வகுப்பு ரொம்ப எளிமையா இருக்க, முன்னாள் அமெரிக்க ராணுவ வீரர்கள் படித்த தொழில்முறை வகுப்புக்கு மாறினார். அங்கே அவர் மட்டும்தான் பெண்.

ஆனா, இறுதிப் பரீட்சையில் ஃபெயில்! பெரிய பெரிய டிஷ்களுக்குத் தயாராகிப் போனவரிடம், பள்ளியின் கையேட்டில் இருந்த சாதாரண ரெசிபிகளைக் கேட்டுட்டாங்க. அளவுகள் மனப்பாடமா இல்லை. திரும்ப எழுதி 1951-ல் பாஸானார்.

அடுத்து, சிமோன் பெக், லூயிசெத் பெர்தோல் என்ற ரெண்டு ஃப்ரெஞ்சுத் தோழிகளோடு சேர்ந்து அமெரிக்கர்களுக்கான ஃப்ரெஞ்சு சமையல் புத்தகத்தில் இறங்கினார். பாலுக்கு டிரான்ஸ்ஃபர் வர வர மார்சேய், ஜெர்மனி, நார்வேன்னு வீடு மாறிக்கிட்டே இருந்தது. வேலை மட்டும் நிற்கலை. பாரிஸ் மாவும் அமெரிக்க மாவும் ஒண்ணு இல்லை. அதனால அமெரிக்கக் கடையில் கிடைக்கும் பொருளை வைத்தே ஒவ்வொரு ரெசிபியையும் திரும்பத் திரும்பச் செஞ்சு பார்த்தார். சாஸ் திரிஞ்சா எப்படிச் சரிசெய்யணும், எந்த நிறத்தில் இறக்கணும்... எல்லாத்தையும் எழுதினார்.

ஒப்பந்தம் போட்ட பதிப்பகமே கடைசியில் கையெழுத்துப் பிரதியை நிராகரித்தது. பல வருஷ உழைப்பு போச்சுன்னு நினைத்த நேரத்தில், நாஃப் பதிப்பகத்தின் ஜூடித் ஜோன்ஸ் அதை எடுத்துச் சமைத்துப் பார்த்தார். சரியா வந்தது! 1961-ல் புத்தகம் வெளியானபோது ஜூலியாவுக்கு வயது 49.

கேமரா முன்னாடியும் சறுக்கலாம்

புத்தகத்தைப் பற்றிப் பேச பாஸ்டன் டிவிக்குப் போனவர், அங்கேயே ஆம்லெட் போட்டுக் காட்டினார். அதுதான் 1963-ல் 'தி ஃப்ரெஞ்ச் செஃப்' நிகழ்ச்சியா மாறியது. ஒருமுறை உருளைக்கிழங்கு பான்கேக்கைத் தூக்கிப்போட்டுத் திருப்பும்போது பாதி அடுப்பில் விழுந்துடுச்சு. அசரலை, அள்ளித் திரும்ப வாணலியில் போட்டுட்டு, தைரியம் பத்தாமப் போனதுதான் காரணம்னு விளக்கினார். அடுத்த புத்தகத்தில் ஃப்ரெஞ்சு ரொட்டிக்கான ஒரே ஒரு ரெசிபிக்காக அவரும் பாலும் சுமார் 130 கிலோ மாவைக் காலி பண்ணினாங்க.

2000-ல் ஃப்ரான்ஸ் தன் உயரிய 'லெஜியன் ஆஃப் ஆனர்' விருதைக் கொடுத்தது. 2004-ல், 92-வது பிறந்தநாளுக்கு ரெண்டு நாள் முன்னாடி ஜூலியா மறைந்தார். அவர் உயரத்துக்காக பால் உயர்த்திக் கட்டிய மேடையோட அந்தக் கிச்சன், இன்னிக்கும் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கு.

அடுத்த முறை உங்க பாஸ்தா களியாயிட்டா வருத்தப்படாதீங்க. எங்கே சொதப்பினீங்கன்னு போன்ல குறிச்சு வைங்க. ஜூலியா பன்னிரண்டு வருஷமா செஞ்சது அதைத்தான்!