புரசைவாக்கம் கண்ட ஏகத்துவக் கிறிஸ்தவர்

அறிவியல் மாணவர்கள் ஜோசப் பிரீஸ்ட்லியை ஆக்சிஜனைக் கண்டறிந்தவர் என்றே அறிவர். 1774-ஆம் ஆண்டுக்குரிய அச்சாதனை அவர் வாழ்வின் ஒரு பாதி மட்டுமே. மறுபாதியில் அவர் சமயப் போதகர். இறைவன் ஒருவனே, அவன் மூவராய் இருத்தல் இல்லை என்று ஓயாது எழுதியவர். அந்த எழுத்துகளைப் படித்துத் தம் வாழ்வின் போக்கையே மாற்றிக்கொண்டவர்களுள் ஒரு தமிழரும் இருந்தார். திருவேங்கடம் என்னும் இயற்பெயர் கொண்ட வில்லியம் ராபர்ட்ஸ் அவர். ஏகத்துவக் கிறிஸ்தவத்தின் வரலாற்றை எழுதுவோர் அவர் பெயரை விடாது குறிப்பர். அவர் பிறந்த தமிழகத்திலோ அவரை அறிந்தார் சிலரே.

திருவண்ணாமலையை அடுத்த நம் வேங்கிக்காலில் பிள்ளைக்கு அண்ணாமலை என்று பெயரிடுதல் எவ்வளவு இயல்போ, அவ்வளவு இயல்பாகத் திருமால் பத்தி மிக்க குடும்பங்களில் திருவேங்கடம் என்னும் பெயர் வழங்கியது. வேளாளர் குலத்தில் தோன்றிய நம் திருவேங்கடம், கும்பினியார் ஆட்சி வேரூன்றிய பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயரிடம் பணியாளராய் அமர்ந்தார். கிறிஸ்தவம் தழுவி வில்லியம் ராபர்ட்ஸ் ஆனார். கடல் கடந்து இங்கிலாந்துக்கும் சென்றார். செல்வமோ பட்டமோ அவரிடம் இல்லை. ஆங்கிலம் படிக்கத் தெரிந்திருந்தது. படித்ததை எண்ணிப் பார்க்கும் நெஞ்சும் இருந்தது.

அவர் கண்ட இங்கிலாந்தில் இறைவன் ஒருவனே என்னும் கிறிஸ்தவரின் நிலை எளிதாயிருக்கவில்லை. அதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன், 1553-இல், திரித்துவத்தை மறுத்த மைக்கேல் செர்வெட்டஸ் ஜெனீவா நகரில் உயிரோடு எரிக்கப்பட்டார். இங்கிலாந்தில் நெருப்பு அணைந்திருந்தது, சட்டம் அணையவில்லை. 1689-இல் பிறந்த சமயப் பொறுதிச் சட்டமும் திரித்துவத்தை மறுப்போரைத் தன் நிழலில் சேர்த்துக்கொள்ளவில்லை. தியோபிலஸ் லிண்ட்சே என்னும் குரு, தம் மனச்சான்றுக்கு மாறாக வழிபாடு நடத்த இயலாமல் அரசுத் திருச்சபையின் பதவியைத் துறந்து, 1774-இல் இலண்டன் எசெக்ஸ் தெருவில் ஏகத்துவ வழிபாட்டைத் தொடங்கினார். 1791-இல் பர்மிங்காமில் கலகக்கும்பல் ஒன்று பிரீஸ்ட்லியின் வீட்டையும் ஆய்வுக்கூடத்தையும் அழித்தது. மூன்றாண்டுகளில் அவர் அமெரிக்காவுக்கே குடிபெயர்ந்தார். பேரறிஞர்க்கே இந்நிலை என்றால், அவர் நூலைக் கையிலேந்திய ஏழைத் தமிழரின் துணிவை என்னென்பது!

ராபர்ட்ஸின் உள்ளத்தை வருத்திய வினா மிக எளியது. ஒரே கடவுள் என்று வாயால் சொல்லிவிட்டு, வணங்கும்போது மூவரை விளித்தல் எவ்வாறு பொருந்தும்? லிண்ட்சேயும் பிரீஸ்ட்லியும் எழுதிய நூல்களில் அவர் விடை கண்டார். வணக்கத்துக்கு உரியவன் பிதாவாகிய இறைவன் ஒருவனே. இயேசு அவனால் அனுப்பப்பட்டவர், போற்றிப் பின்பற்றத் தக்கவர். ஆனால் வணங்கப்படத் தக்கவர் அல்லர். இத்தெளிவோடு சென்னை திரும்பிய அவர், 1795-இல் சிறு கூட்டமொன்றைச் சேர்த்து ஏகத்துவ வழிபாட்டைத் தொடங்கினார். வழிபாடு தமிழில் நடந்தது.

ஈண்டு ஒன்று சொல்லவேண்டும். தவ்ஹீதைக் கலிமாவாகக் கொண்ட நம்முள் சிலர், இவரை நம்மவர் என்றே உரிமை கொண்டாட விழையக்கூடும். அது முறையன்று. ஈசா நபி (அலை) அவர்களை இறைத்தூதராகப் போற்றும் நமக்கும் அவருக்கும் இடையே நெருக்கம் உண்டு என்பது மெய்யே. ஆயினும் அவர் விவிலியத்தை விட்டு வெளியேறியவர் அல்லர். அதனுள்ளேயே நின்று, அதைக் கொண்டே வாதாடியவர். இறுதிவரை தம்மைக் கிறிஸ்தவர் என்றே கூறிக்கொண்டவர். அவர் நின்ற இடத்திலேயே வைத்து அவரை மதிப்பதுதான் நியாயம்.

அவர் வாழ்ந்த சூழலை எண்ணினால் அவர் தனிமை விளங்கும். புரசைவாக்கத்துக்கு அண்டையில்தான் வேப்பேரி. அங்கே ஐரோப்பிய மிஷனரிமாரின் சபை, பள்ளி, அச்சகம் எல்லாம் இருந்தன. புதிதாய்க் கிறிஸ்தவம் தழுவியோர்க்கு அத்தகைய சபையின் ஆதரவே பெரும் பற்றுக்கோடு. பிறந்த சமயத்தாரை முன்னரே பிரிந்து வந்தவர் ராபர்ட்ஸ். வந்து சேர்ந்த சமயத்தின் பெருஞ்சபைகளோடும் ஒன்ற முடியாது போயிற்று. இருபுறத்துச் சுற்றத்தையும் இழந்தவர்க்குத் தம் உழைப்பன்றி வேறு துணை ஏது? ஊழியம் செய்து பிழைத்துக்கொண்டே போதித்தார். தமிழில் சிறு நூல்கள் எழுதினார். அவர் கூட்டத்தாரும் பெரும்பாலும் எளியவர்களே.

1813-இல் புரசைவாக்கத்தில் அவர் முயற்சியால் ஏகத்துவக் கிறிஸ்தவர்க்கெனச் சிறு ஆலயம் எழுந்தது. அதே 1813-இல்தான் இங்கிலாந்துப் பாராளுமன்றம், திரித்துவத்தை மறுப்போர் மீதிருந்த தண்டனைச் சட்டங்களை நீக்கிற்று. இலண்டனிலே சட்டம் வழிவிடுவதற்குப் பதினெட்டு ஆண்டுகள் முன்பே சென்னையிலே தமிழ் நாவுகள் அவ்வழிபாட்டைச் செய்யத் தொடங்கிவிட்டன என்பதை நாம் வியப்போடு நோக்குகிறோம்.

இலண்டனில் லிண்ட்சேயின் பீடத்தில் பின்னாளில் அமர்ந்த தாமஸ் பெல்ஷமுக்கு ராபர்ட்ஸ் மடல்கள் எழுதினார். அவை வாயிலாகவே அங்குள்ளோர் சென்னையில் தம் கொள்கையினர் இருப்பதைத் தெளிவாக அறிந்தனர், உதவியும் அனுப்பினர். வங்கத்திலே ராஜாராம் மோகன்ராய் இயேசுவின் போதனைகளைத் தொகுத்து நூலாக்கியது 1820-இல். கல்கத்தாவில் ஏகத்துவக் குழு அமைந்தது 1821-இல். அரபும் பாரசீகமும் கற்று, பாரசீக மொழியில் ஏகத்துவ நூல் இயற்றிய பேரறிஞர் ராய். அவர் புகழ் உலகெங்கும் பரவியது. அவருக்குக் கால் நூற்றாண்டு முன்னரே ஆங்கிலேயரின் இல்லங்களில் ஏவல் செய்த ஒருவர் தொடங்கிய பணி அத்துணைப் புகழ் பெறவில்லை. வரலாறு எழுதுவோர் அரண்மனை வாயிலைப் பார்க்கும் அளவுக்கு அடுக்களை வாயிலைப் பார்ப்பதில்லை போலும்.

நாற்பத்து மூன்று ஆண்டுகள் அச்சிறு சபையைக் கட்டிக்காத்த ராபர்ட்ஸ் 1838-இல் மறைந்தார். தந்தையின் பெயரையே தாங்கிய மகன் வில்லியம் ராபர்ட்ஸ், புரசைவாக்கத்து ஆலயத்தின் பொறுப்பை ஏற்றார்.