நாடிழந்தார்க்கு ஒரு தாள்

நார்வேயின் தலைநகராகிய ஆஸ்லோ, கிறிஸ்டியானியா என்ற பெயரால் வழங்கிய காலம். அந்நகரை அடுத்திருந்த ஒரு பண்ணைவீட்டில் 1861ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் ஃபிரித்யோஃப் நான்சன் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர். மைந்தரோ விலங்கியலை விரும்பிப் பயின்றார்; பெர்கன் நகர அருங்காட்சியகத்தில் பணியாற்றிக்கொண்டே நரம்பு மண்டலத்தின் நுண்ணமைப்பை ஆராய்ந்து, 1888இல் முனைவர் பட்டம் பெற்றார். ஆய்வேட்டை நிலைநாட்டிய சில நாள்களிலேயே கிரீன்லாந்துக்குக் கப்பலேறிவிட்டார் என்பது அவர் இயல்பைக் காட்டும்.

உலகம் அவரை முதலில் அறிந்தது பனிவெளியில்தான். அதுவரை கிரீன்லாந்தின் உட்பகுதியைக் கடக்க முயன்றோர் மக்கள் வாழும் மேற்குக் கரையிலிருந்தே புறப்பட்டனர். இடர் நேர்ந்தால் திரும்பிவிடலாம் என்பது அவர்கள் கணிப்பு. நான்சனும் அவருடைய தோழர் ஐவரும் ஆளரவமற்ற கிழக்குக் கரையில் இறங்கினர். திரும்புதற்கு வழியில்லை, நடந்தே தீரவேண்டும். நடந்து கடந்தனர். பின்னர் ‘முன்னே’ என்னும் பொருள்படும் ‘ஃபிராம்’ என்ற கப்பலை வேண்டுமென்றே உறைபனியில் சிக்கவைத்து, பனியின் ஓட்டத்தோடு வடதுருவத்தை நெருங்க முற்பட்டார் (1893–1896). இடையில் கப்பலை விட்டிறங்கி, ஒரே ஒரு தோழருடன் பனிச்சறுக்கில் சென்று, 1895 ஏப்ரலில் அதுவரை மனிதர் எவரும் எட்டாத 86 பாகை 14 கலை வட அட்சத்தை அடைந்தார். இவையெல்லாம் தனி நூலாக விரியத்தக்கவை. ஆயின், அவர் வாழ்வின் பெரும்பொருள் இதற்குப் பின்னரே தொடங்குகிறது.

1905இல் நார்வே சுவீடனின் பிணைப்பிலிருந்து விடுபட்டபோது, புதிய அரசின் குரலை வெளியுலகம் கேட்கச் செய்தவர்களுள் அவர் முதன்மையானவர். 1906 முதல் 1908 வரை இலண்டனில் நார்வேயின் தூதராக இருந்தார். முதல் உலகப்போரின்போது நேச நாடுகளின் கடல் முற்றுகையால் நடுநிலை நாடாகிய நார்வேயும் உணவின்றித் தவித்தது. நான்சன் 1917இல் வாஷிங்டன் சென்று, நெடிய பேச்சுக்குப் பின் 1918இல் உணவுப்பொருள்கள் வர வழிசெய்தார். பசி என்பது அரசியலால் உண்டாவது, அரசியலாலேயே தீர்க்கப்பட வேண்டியது என்பதை அவர் கற்ற இடம் அதுவே எனலாம்.

ஐக்கிய நாடுகள் சபைக்கு முன்னோடியான பன்னாட்டுச் சங்கம் 1920 ஏப்ரலில் அவரிடம் ஒரு பணியை ஒப்படைத்தது. போர் முடிந்து ஓராண்டிற்கு மேலாகியும் இலட்சக்கணக்கான போர்க்கைதிகள் சைபீரியாவிலும் பிற இடங்களிலும் கிடந்தனர். சங்கத்தைச் சோவியத் அரசு ஏற்கவில்லை. சோவியத்தைச் சங்கத்து அரசுகள் பல ஏற்கவில்லை. இரு தரப்பும் ஒருவரையொருவர் பெயர்சொல்லியும் அழைக்காத நிலையில், இரு தரப்பும் நம்பிய ஒருவராக நான்சன் மட்டுமே நின்றார். 1922இல் பணி நிறைவுற்றபோது, 4,27,000க்கும் மேற்பட்ட கைதிகள் தத்தம் நாடு திரும்பியிருந்தனர்.

அதற்குள் வோல்கா ஆற்றுப் பகுதியில் கொடிய பஞ்சம் மூண்டது. வறட்சியும், உள்நாட்டுப் போரும், உழவரிடமிருந்து தானியத்தை வலிந்து பறித்த ஆட்சிமுறையும் சேர்ந்து விளைத்த பஞ்சம் அது. ஏறத்தாழ ஐம்பது இலட்சம் பேர் மாண்டதாக மதிப்பிடுவர். 1921 ஆகஸ்டில் செஞ்சிலுவைச் சங்கங்களின் மாநாடு நிவாரணப் பொறுப்பை அவரிடம் அளித்தது. அவர் மாஸ்கோ சென்று உடன்படிக்கை செய்துகொண்டு திரும்பி, செப்டம்பரில் ஜெனீவாவில் சங்கப் பேரவையின் முன் நின்றார். ஒரு கண்டத்தில் மக்காச்சோளம் விலைபோகாமல் எரிக்கப்படுவதையும், மற்றொரு கண்டத்தில் மக்கள் மண்ணில் வீழ்ந்து மடிவதையும் அடுத்தடுத்து எடுத்துக்காட்டினார். அரசுகள் கடன் தந்தால் போதும் என்றார். அரசுகள் மறுத்தன. உணவு சென்றால் போல்ஷவிக் ஆட்சி நிலைபெற்றுவிடும் என்பது அவர்தம் அச்சம். ஆட்சி வீழ வேண்டுமென்றால் அதற்காகக் குழந்தைகள் பட்டினியால் சாகலாமா என்பதே நான்சன் எழுப்பிய வினா. அதற்கு அவையில் விடை கிடைக்கவில்லை.

அவர் சோர்ந்து அமரவில்லை. சமாரா, சராத்தவ் வட்டாரங்களைக் கடுங்குளிரில் நேரிற்கண்டு, நிழற்படங்கள் எடுத்து, ஐரோப்பிய நகரங்களிலும் அமெரிக்காவிலும் காட்டிப் பொதுமக்களிடம் கையேந்தினார். இங்கு ஓர் உண்மையைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பசித்தோரில் பெரும்பாலோர்க்கு உணவளித்தது நான்சனின் அமைப்பன்று. ஹெர்பர்ட் ஹூவர் தலைமையிலான அமெரிக்க நிவாரண நிறுவனமே. 1922இல் அது நாளொன்றுக்கு ஒரு கோடிக்கு மேற்பட்டோர்க்கு உணவு வழங்கியது. சோவியத் அதிகாரிகளோடு ஒத்திணங்கிச் செல்ல நான்சன் இசைந்த அளவு மிகுதி என்ற குறையும் அவர்மீது சொல்லப்பட்டது. அதில் ஓரளவு உண்மை உண்டு. வாயில் காப்போனை வணங்காமல் உள்ளே செல்ல இயலாத இடத்தில், உள்ளே செல்வதையே அவர் பெரிதாகக் கருதினார்.

அப்பணியில் அவருக்குத் துணைநின்றோருள் விட்குன் குவிஸ்லிங் என்ற இராணுவ அதிகாரியும் ஒருவர். உக்ரைனில் பசித்தோர்க்கு உழைத்த அம்மனிதரே, 1940இல் ஜெர்மானியர் நார்வேயைக் கைப்பற்றியபோது அவர்பக்கம் சேர்ந்து, 1945இல் மரணதண்டனைக்கு ஆளானார். அவர் பெயர் ஆங்கிலத்தில் துரோகி என்பதற்கு மறுபெயராயிற்று. நற்பணி செய்தோர் யாவரும் நல்லோராகவே நிலைப்பர் என்று கருதுவார்க்கு இது நினைவிருக்கட்டும்.

‘அகதி’ என்ற சொல் கதியற்றவர் என்னும் பொருளது. ‘ஏதிலி’ என்பதோ அயலாரைக் குறித்த பழஞ்சொல். 1921இல் நான்சன் ரஷ்ய அகதிகளுக்கான உயர் ஆணையராக அமர்த்தப்பட்டபோது இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்தும் நிலையில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் இருந்தனர். அவ்வாண்டு டிசம்பரில் சோவியத் அரசு அவர்களுள் பெரும்பாலோரின் குடியுரிமையை நீக்கியது. அன்றிலிருந்து சட்டத்தின் கண்ணுக்கு அவர்கள் இல்லாதவர்கள். எல்லையைக் கடக்க இயலாது; வேலைதேடிப் பிறநாடு செல்ல இயலாது. 1922 ஜூலையில் ஜெனீவாவில் கூட்டிய மாநாட்டில் நான்சன் முன்மொழிந்தது பெரும்பொருள் செலவாகும் திட்டமன்று, ஒரு தாள். பெயரும் பிறப்பும் எழுதிய அடையாளச் சான்று. ‘நான்சன் கடவுச்சீட்டு’ என்று அது வழங்கலாயிற்று. காலப்போக்கில் ஐம்பதுக்கு மேற்பட்ட அரசுகள் அதனை ஏற்றன. 1924இல் ஆர்மீனியர்க்கும், 1928இல் அசீரியர் முதலியோர்க்கும் அது நீட்டிக்கப்பட்டது. தொடக்கத்தில் அத்தாள் குடியுரிமை தரவில்லை. வழங்கிய நாட்டுக்கே திரும்பிவரும் உரிமையையும் உறுதி செய்யவில்லை. எனினும், இன்னார் என்று ஒருவரை அது சொன்னது. எழுத்தாளர் நபக்கோவும் இசையமைப்பாளர் ஸ்திராவின்ஸ்கியும் அத்தாளைக் கையிற்கொண்டிருந்தவர்களே.

1922ஆம் ஆண்டுக்கான அமைதி நோபல் பரிசு அவர்க்கு வந்தது. அப்பணமும் நிவாரணப் பணிக்கே சென்றது.

அதே ஆண்டில் அவர் எடுத்த மற்றொரு முடிவே அவர் வாழ்வில் மிகவும் எண்ணிப்பார்க்க வேண்டியது. கிரேக்க–துருக்கிப் போரில் கிரேக்கர் தோற்றதும், அனத்தோலியாவிலிருந்து இலட்சக்கணக்கான கிறித்தவர் கிரேக்கத்திற்கு ஓடிவந்தனர். இரு நாடுகளும் தத்தம் சிறுபான்மையரை மாற்றிக்கொள்வதே வழி என்று நான்சன் பரிந்துரைத்தார். 1923 ஜனவரி 30இல் லோசானில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இடமாற்றம் கட்டாயமானது, அளவுகோல் மொழியன்று, சமயம். துருக்கிமொழி பேசிய கிறித்தவர் தம் மொழி அறியாத கிரேக்கத்திற்கும், கிரேக்கமொழி பேசிய கிரீட் தீவு முஸ்லிம்கள் துருக்கிக்கும் அனுப்பப்பட்டனர். ஏறத்தாழ 12 இலட்சம் கிறித்தவரும் மூன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட முஸ்லிம்களும் வேரறுந்தனர். மேலும் கொலைகள் நிகழாமல் காத்தது என்பர் ஒருசாரார். ஓடியோர் திரும்பும் உரிமையைச் சட்டத்தாலேயே அடைத்தது என்பர் மறுசாரார். கைதிகளை வீடு சேர்த்த அதே கை, வீடுகளைத் துறக்கச் சொல்லும் ஏட்டுக்கும் வழிவகுத்தது. வந்தோர்க்கு நிலமும் தொழிலும் தர, சங்கத்தின் துணையோடு கடன் திரட்டிக் குடியமர்த்தும் ஆணையம் ஒன்று அமைந்ததற்கும் அவர் முயற்சியே தூண்டுகோல் என்பதையும் சேர்த்தே எடையிட வேண்டும்.

1925இல் ஆர்மீனியா சென்று, வறண்ட நிலத்திற்கு நீர்பாய்ச்சி 15,000 பேரைக் குடியமர்த்தத் திட்டம் வகுத்தார். செலவுக்குப் பணம் கேட்டு ஆண்டுதோறும் சங்கத்தின் படியேறினார். பணம் வரவில்லை. அவரை மிகவும் வருத்திய தோல்வி இதுவே என்று கருத இடமுண்டு.

1930 மே 13ஆம் நாள் தம் இல்லத்தில் மாரடைப்பால் காலமானார். நார்வேயின் அரசியலமைப்பு நாளாகிய மே 17இல், சமயச் சடங்கின்றி அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடைபெற்றது. சாம்பல் வீட்டுத் தோட்டத்து மரத்தடியில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் பெயர் தாங்கிய அகதிகள் அலுவலகம் 1931இல் இயங்கத் தொடங்கியது. 1938இல் அதற்கும் அமைதி நோபல் பரிசு கிடைத்தது. அவ்வாண்டு இறுதியோடு அது மூடப்பட்டது.