மறைத்து வைத்த நோயும் மரநிழல் மருத்துவரும்



திருப்பனந்தாள் பகுதிக் கிராமங்களில் நோயாளர்களைச் சந்திக்கச் செல்லும்போது ஒன்றை அடிக்கடி காண்கிறேன். நாள் முழுதும் குனிந்து நடவு நடும் தாய்மார்கள் தங்கள் உடல் வலியை யாரிடமும் சொல்வதில்லை. மருத்துவர் ஆணாயிற்றே என்ற கூச்சம். அறுவடை முடியட்டும் என்ற எண்ணம். வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டு பொறுத்துக்கொள்கிறார்கள். நோயில்பூசுதல் கொடுக்க என்னை அழைக்கும் நேரத்தில்தான் சிலருடைய நோய் வீட்டாருக்கே தெரியவருகிறது.

இந்தக் கூச்சம் உயிரையே வாங்கிவிடும் என்பதை நம் தமிழ் மண்ணில் ஓர் இளம்பெண் ஒரே இரவில் கண்டுகொண்டார். அவர்தான் ஐடா ஸ்கடர். நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர்; ஆனாலும் அவர் வாழ்வு நமக்கும் பாடம்.

1870-ல் இராணிப்பேட்டையில், அமெரிக்க மருத்துவ மறைப்பணியாளர் குடும்பத்தில் பிறந்தார். மறைப்பணியில் அவருக்கு நாட்டமில்லை. அமெரிக்காவில் படித்த பின், நோயுற்ற தாயைக் கவனிக்கவே திண்டிவனம் வந்தார். ஒருநாள் இரவு மூன்று ஆண்கள் ஒருவர்பின் ஒருவராக வந்தனர். மூவரின் மனைவியரும் பேறுகால வேதனையில் இருந்தனர். ஐடாவின் தந்தை மருத்துவர். அவரை அழைத்துச் செல்லும்படி ஐடா வேண்டினார். அந்நிய ஆண் தொடக்கூடாது என்று மூவருமே மறுத்துவிட்டனர். பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோயினர்.

அந்த இரவே அவருக்கு இறைவனின் அழைப்பாயிற்று. 1899-ல் அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்று, 1900-ல் வேலூர் வந்தார். வந்த சில மாதங்களிலேயே தந்தை இறந்தார். தனியாளாய், பங்களாவின் ஓர் அறையில் நோயாளிகளைப் பார்த்தார். 1902-ல் 40 படுக்கைகளோடு பெண்களுக்கான மருத்துவமனை எழுந்தது.

ஆனால் தொலைவிலிருந்த ஏழைகளால் வர இயலவில்லை. எனவே மருத்துவரே அவர்களைத் தேடிச் சென்றார். குடியாத்தம் சாலையில், மரநிழலில் வண்டியை நிறுத்தி, காத்திருந்தவர்களின் புண்ணைக் கழுவி, மருந்து கொடுத்தார். ஒரு மருத்துவரால் எத்தனை பேரைப் பார்க்க முடியும்? இதை உணர்ந்து 1909-ல் செவிலியர் பள்ளி தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தொடங்கினார். அவரது மருத்துவமனை இன்று வேலூர் சி.எம்.சி. என உலகறியும். 1960 மே மாதம், 89-ஆம் வயதில் கொடைக்கானலில் இறைவனடி சேர்ந்தார்.

நம் மொழி பேசும், நம் தெருவுக்கே வரும் செவிலியரிடம் ஒரு பெண் மனம்விட்டுப் பேசமுடியும். மருத்துவரிடம் போகவேண்டிய நோயா என்பதை அவர் பார்த்துச் சொல்வார். இன்று ஆரம்ப சுகாதார நிலையம் அருகிலேயே இருக்கிறது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வந்தன. மரநிழலில் ஐடா செய்ததும் இதுதானே! வாசலுக்கு வருபவரிடமும் நோயை மறைத்தால் யார் குணமாக்குவது?

பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கினால் வருந்திய பெண் கூட்டத்தில் மறைந்து வந்துதான் ஆண்டவரின் ஆடையைத் தொட்டார். ஆண்டவரோ அவரைத் தேடி, எல்லார் முன்னும் பேசவைத்து, மகளே என்று அழைத்து அனுப்பினார். சீராக்கின் ஞானநூல் 38-ஆம் அதிகாரமும் இறைவனிடம் மன்றாடவும், மருத்துவருக்கு இடம் கொடுக்கவும் ஒருசேரக் கற்பிக்கிறது. நேர்ச்சையும் வேண்டும், மருத்துவமும் வேண்டும்.

குடும்பத் தலைவர்களே, அந்த மூன்று கணவர்களும் மனைவியை நேசிக்காதவர்கள் அல்லர். வழக்கத்துக்குக் கட்டுப்பட்டே இழந்தார்கள். இன்று இரவு உங்கள் வீட்டுத் தாயிடம், மனைவியிடம், எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். நாளைக் காலையில் நீங்களே உடன் செல்லுங்கள்.

நோயாளர்களின் ஆரோக்கியமான அன்னை மரியா நமக்காகப் பரிந்து பேசுவாராக. ஆமென்.