கணக்கர் குமரப்பா

பொருளாதாரம் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று ஆண்டுதோறும் நம் சங்கத்திற்குப் புதிதாக வரும் தம்பிமார் கேட்பதுண்டு. இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வு, ரிசர்வ் வங்கி, புள்ளிவிவரத் துறை, ஆசிரியத் தொழில் என்று மூத்தோர் விடையும் சொல்வர். இவ்வாண்டு என் தம்பியே அத்துறையில் சேர்ந்திருக்கிறான். நானோ இரசாயன எம்.எஸ்ஸி. மாணவன். அவனுக்குக் காட்ட என்னிடம் ஊதியப் பட்டியல் இல்லை. ஒரு தமிழரின் வாழ்க்கை இருக்கிறது.

1892-ஆம் ஆண்டு சனவரி 4-ஆம் நாள், தஞ்சையில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் ஜோசப் செல்லதுரை கார்னீலியஸ் பிறந்தார். லண்டனில் கணக்குத் தணிக்கை பயின்று, பம்பாயில் தொழில் நடத்தினார். வருவாய்க்குக் குறைவில்லை. மேலும் கற்க விரும்பி 1927-இல் அமெரிக்கா சென்று, சிராக்யூஸ் பல்கலைக் கழகத்தில் வணிக நிர்வாகமும், பின்னர் நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக் கழகத்தில் பொது நிதியியலும் படித்தார்.

அங்கே இந்தியாவின் வறுமை பற்றி அவர் ஆற்றிய உரை செய்தித்தாளில் வெளிவந்தது. அதைக் கண்ட பேராசிரியர் செலிக்மன், அப்பொருளையே ஆராயுமாறு அவரைத் தூண்டினார். வரியாகத் திரண்ட பணம் எங்கே போகிறது என்று அரசாங்கக் கணக்கைப் புரட்டியவருக்கு, தம் நாட்டின் நிலை விளங்கியது. அன்னிய ஆட்சியில் குறை காணாது வளர்ந்தவர், கணக்கின் வழியே தேசியவாதியானார். எனக்கு வியப்பளிப்பது இதுவே. மேடைப் பேச்சு மாற்றாத ஒரு மனிதரை எண்கள் மாற்றிவிட்டன!

1929-இல் தாயகம் திரும்பி, ஆய்வுரையை அச்சிடும் பொருட்டுக் காந்தியடிகளைச் சபர்மதியில் கண்டார். அடிகள் அதைத் தம் ‘யங் இந்தியா’ இதழில் தொடராக வெளியிட்டார். குஜராத் வித்யாபீடத்து மாணவர்களுடன் கேடா மாவட்டத்து மாத்தர் தாலுகாவுக்கும் அவரை அனுப்பினார். 54 கிராமங்களில் குடும்பம் குடும்பமாக வரவு செலவு எழுதப்பட்டது. குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பா என்பதை அவர் மீண்டும் ஏற்றார், கதரும் உடுத்தார்.

1934-இல் பீகாரை நிலநடுக்கம் குலைத்தபோது, நிவாரண நிதியின் கணக்கு அவர் கைக்கு வந்தது. அதே ஆண்டில் தோன்றிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் செயலாளராகி, வார்தாவில் உழைத்தார். பலமுறை சிறை சென்றார். 1945-இல் வெளிவந்த ‘நிலைபெறும் பொருளாதாரம்’ பற்றிய நூல் சிறையில் எழுதியதே. நிலக்கரியும் எண்ணெயும் எடுக்க எடுக்கக் குறையும். காடும் நீரும் அளவறிந்து கொண்டால் மீண்டும் பெருகும் என்ற வேறுபாட்டை அந்நாளிலேயே அவர் வற்புறுத்தினார். இதை இன்று எந்த விஞ்ஞான மாணவனும் மறுக்க மாட்டான். 1949-இல் காங்கிரசின் நிலச் சீர்திருத்தக் குழுவுக்கும் அவரே தலைவர். இறுதி நாட்களைக் கழித்தது மதுரை மாவட்டத்துக் கல்லுப்பட்டியில். 1960 சனவரி 30-ஆம் நாள், அடிகள் மறைந்த அதே தேதியில், மறைந்தார்.

அவர் கருத்து யாவும் எனக்கு உடன்பாடன்று. பெருந்தொழிலை அவர் வெறுத்த அளவுக்கு நான் வெறுக்கவில்லை. வீட்டுக்குப் பணம் அனுப்பவேண்டிய பிள்ளைகள் வேலையைத் துறக்க வேண்டும் என்றும் சொல்லேன். நானே வேலை தேடத்தான் போகிறேன். ஆனால், லண்டனில் கற்ற அதே கணக்கைத்தான் அவர் மாத்தர் தாலுகாவிலும் எழுதினார். வங்கியில் அமர்ந்தாலும் அரசுப் பணியில் அமர்ந்தாலும், யாருடைய கணக்கு இதுவரை எழுதப்படவில்லை என்று கேட்க நமக்குத் தடையில்லை.

பொருளாதாரம் பயிலும் தம்பிமாருக்கு ஒரு வேண்டுகோள். விடுமுறையில் ஊருக்குப் போகும்போது உங்கள் தெருவில் பத்துக் குடும்பங்களின் வரவு செலவை, அவர்கள் இசைவு பெற்று, பெயர் குறிக்காமல் எழுதி வாருங்கள். நம் அடுத்த மலரில் அச்சிடலாம். என் தம்பி முதலில் எழுதட்டும்.